லென்ஸுக்குள் ஒரு மென்மை, லென்ஸுக்கு முன்னே ஒரு மென்மை

இருட்டான அறையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வையுங்கள். பத்தடி தள்ளி ஒரு பெரிய வியூ கேமராவை நிறுத்தி, பின்னாலுள்ள கிரவுண்ட் கிளாஸில் சுடரைப் பாருங்கள். நல்ல சாதாரண லென்ஸாக இருந்தால் சுடரின் ஓரம் வெட்டினாற்போல் தெரியும். அந்த லென்ஸின் முன்னால் ஸெய்ஸ் நிறுவனத்தின் சாஃப்டார் ஃபில்டரை மாட்டினால், சுடர் கூர்மையாகவே இருக்கும், ஆனால் அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் வந்து உட்காரும். இப்போது ஃபில்டரையும் லென்ஸையும் கழற்றிவிட்டு ரோடன்ஸ்டாக் நிறுவனத்தின் இமாகன் லென்ஸைப் பொருத்துங்கள். மறுபடியும் கூர்மையான சுடர், மறுபடியும் வெளிச்ச வட்டம். முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உருப்பெருக்கியைக் கிரவுண்ட் கிளாஸில் ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சாஃப்டாரின் வட்டம் நடுவிலிருந்து ஓரம்வரை ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாகப் பரவி, ஓரிடத்தில் முடிந்துவிடும். இமாகனின் வெளிச்சம் சுடரை ஒட்டிய இடத்தில் செறிவாக இருந்து, வெளியே போகப் போகக் குறைந்து, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாமல் கரையும்.

ஃபிலிமில் கனவு போன்ற மென்மையைக் கொண்டுவர விரும்புகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டு வட்டங்களில் ஒன்றைத்தான். ஒன்று லென்ஸின் உள்ளேயே பிறப்பது. மற்றொன்று லென்ஸின் முன்னால் மாட்டுவது. இரண்டும் ஒரே பலனைத் தருகின்றன, விலையில்தான் வித்தியாசம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. லென்ஸின் மென்மைக்கு ஆழம் தெரியும். எது அருகில், எது தொலைவில், எது ஃபோகஸில் என்பதைப் பொறுத்து அது மாறும். ஃபில்டரின் மென்மை படம் முழுவதையும் ஒரே கையால் தடவும். முகம் எடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துவிட வேண்டும். ஃபோகஸ் தவறிய படம் வேறு, மென்மையான படம் வேறு. ஃபோகஸ் தவறினால் கூர்மை எங்கேயும் இருக்காது. பார்க்கிறவரின் கண் பிடிமானம் தேடி அலையும். மென்மையான படத்தில் கூர்மையான பிம்பம் ஒன்று அடியில் கண்டிப்பாக இருக்கும், அதன்மேல் வெளிச்சம் படர்ந்திருக்கும். கண்ணிமை முடியை எண்ண முடிய வேண்டும். அதே சமயம் கன்னத்தின் வெளிச்சம் நிழலுக்குள் கொஞ்சம் வழிய வேண்டும்.

இந்த இடத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் பெயரைப் பலர் இழுப்பார்கள். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த அந்த அம்மையாருக்கு 1863-ஆம் ஆண்டு இறுதியில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த காலத்தில் கவிஞர் டென்னிசனையும் வானியலாளர் ஜான் ஹெர்ஷலையும் அவர் எடுத்த முகப்படங்கள் இன்றும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கின்றன. ஆனால் அவருடைய மென்மை நான் சொல்கிற வகையைச் சேர்ந்ததல்ல. பெரிய கண்ணாடித் தட்டு, நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸ், அகலமான அப்பர்ச்சர், சில நிமிடங்கள் வரை நீளும் எக்ஸ்போஷர் எல்லாம் சேர்ந்தபோது கூர்மையின் ஆழம் மிகக் குறைந்தது. அமர்ந்திருப்பவரும் கொஞ்சம் அசைந்தார். ஃபோகஸ் செய்யும்போது தம் கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் அவர் நிறுத்திக்கொண்டார்; மற்றவர்கள் வலியுறுத்திய இன்னும் கூர்மையான இடத்துக்குத் திருகிக்கொண்டு போகவில்லை. அன்றைய விமர்சகர்கள் அதைத் திறமைக் குறைவு என்றார்கள். நான் அதைத் துணிச்சல் என்பேன். 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர் 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் இறந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை குறைவு. அவற்றில் தோட்டத்து மக்களின் முகங்களும் இருக்கின்றன. மென்மையான முகப்படம் என்ற ஆசையைக் கேமராக்காரர்களுக்கு ஊட்டியவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. அந்த ஆசையை ஒரு கருவியாக வார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

அவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஹைன்ரிச் க்யூன். 1866-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்து, ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் வாழ்ந்து, 1944-இல் மறைந்தவர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸின் நண்பர். கம் பைக்ரோமேட் முறையில் பிரிண்ட் போடுவதில் பெரிய கை. ம்யூனிக்கைச் சேர்ந்த லென்ஸ் வடிவமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷ்டேப்லேயோடு அவர் நெடுநாள் உழைத்து உருவாக்கிய லென்ஸைத்தான் 1930களின் தொடக்கத்தில் ரோடன்ஸ்டாக் நிறுவனம் இமாகன் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதன்பிறகு பல பத்தாண்டுகள் அது விற்பனையில் இருந்தது. ஒரு லென்ஸுக்கு அது நீண்ட ஆயுள்.

பிரித்துப் பார்த்தால் இமாகனுக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒட்டிய இரண்டு கண்ணாடிகள், அவ்வளவுதான். பள்ளி இயற்பியலில் கோளப் பிறழ்ச்சி என்று படித்திருப்போம். லென்ஸின் நடுவே வரும் ஒளிக்கதிர்கள் ஓரிடத்திலும், ஓரத்தில் வரும் கதிர்கள் அதற்குச் சற்று முன்னாலும் குவிகின்றன. லென்ஸ் செய்கிறவர்கள் நூறாண்டுக்கு மேலாக இந்தக் குறையைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். க்யூனும் ஷ்டேப்லேயும் அதைத் துரத்தாமல் அளவாக விட்டுவைத்தார்கள். நடுக்கதிர்கள் கூர்மையான பிம்பத்தை வரைகின்றன. ஓரக்கதிர்கள் அதே பிம்பத்தின்மேல் பரந்த ஒளியைப் போடுகின்றன. முன்சொன்ன அடிப்பிம்பமும் படர்ந்த வெளிச்சமும் ஒரே கண்ணாடியிலிருந்து இப்படித்தான் கிடைக்கின்றன.

இமாகனின் உண்மையான புத்திசாலித்தனம் அதன் வட்டுகளில் இருக்கிறது. லென்ஸோடு சில உலோக வட்டுகள் வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரிய துளை, அதைச் சுற்றிச் சிறுசிறு துளைகள். நடுத்துளை கூர்மைக்கு. சுற்றுத் துளைகள் படர்ச்சிக்கு. வட்டின் ஒரு பகுதியைத் திருப்பினால் சுற்றுத் துளைகள் கொஞ்சம் கொஞ்சமாக மூடும், நடுத்துளை மாறாது. கூர்மையில் கை வைக்காமலே படர்ச்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். எஃப் எண் ஒன்றைக் குறிக்காமல் 5.8 முதல் 7.7 வரை, 7.7 முதல் 9.5 வரை என்று ஒரு வரம்பாக அந்த வட்டுகளில் பொறித்திருப்பதும் இதனால்தான்.

லைட்ஸ் நிறுவனம் 1935-இல் லைக்கா கேமராவுக்காக வெளியிட்ட 90 மி.மீ. தம்பார் லென்ஸ் இதற்கு நேர் எதிர்த்திசையில் யோசித்தது. அதோடு வரும் கண்ணாடியின் நடுவே ஒரு பொட்டு வைத்தார்கள். அந்தப் பொட்டு நடுக்கதிர்களை மறைத்துவிடும். ஓரக்கதிர்கள் மட்டும் உள்ளே வரும். க்யூன் ஓரத்தை அடக்கினார் என்றால் தம்பார் நடுவை அடக்கியது. எஃப் 2.2-இல் அந்தப் பொட்டையும் மாட்டி எடுத்த படத்தில் அடியில் இருக்க வேண்டிய கூர்மை மிகவும் மெலிந்துபோகும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. எனக்கு அது அளவு மீறியதாகவே படுகிறது. பொட்டைக் கழற்றிவிட்டு ஒன்றிரண்டு ஸ்டாப் குறுக்கினால் தம்பார் அற்புதமான லென்ஸ்.

இனி ஃபில்டர் பக்கம் வருவோம். சாஃப்டாரைக் கையில் எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், சமதளமான கண்ணாடியில் மழைத்துளிகள் ஒழுங்கில்லாமல் தெறித்தது போல இருக்கும். ஒவ்வொரு துளியும் ஒரு நுண்ணிய லென்ஸ். துளிகளுக்கு இடையிலுள்ள சமமான பகுதி வழியே வரும் ஒளி, மாட்டியிருக்கும் லென்ஸின் கூர்மையை அப்படியே ஃபிலிமுக்குக் கொண்டுபோகிறது. துளிகள் வழியே வரும் ஒளி ஃபோகஸ் விலகி, அந்தக் கூர்மையைச் சுற்றி வட்டமாக விழுகிறது. சாஃப்டார் 1, 2, 3 என்று எண் ஏற ஏறத் துளிகளின் எண்ணிக்கை கூடும். அதனால் வட்டத்தின் அளவு அதிகம் மாறாது, அதன் வலிமைதான் கூடும். இதைப் புரிந்துகொண்டால் 3-ஆம் எண்ணைத் தேவையில்லாமல் வாங்கமாட்டோம். முகத்துக்கு 1 போதும். 2 வரை போகலாம்.

இதே குடும்பத்தில் எளிய உறவினர்களும் உண்டு. ஹாலிவுட்டில் 1920களில் லென்ஸின் முன்னால் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டினார்கள். இன்றும் அது வேலை செய்கிறது. துப்பட்டாவுக்கு விற்கும் மெல்லிய கறுப்பு நெட் துணியை ஒரு வளையத்தில் இறுக்கி மாட்டினாலே போதும். கறுப்புத் துணி நிழல்களைக் கறுப்பாகவே விட்டுவைக்கும். வெள்ளைத் துணியில் வெளிச்சம் பட்டுத் தெறித்து நிழல்கள் சாம்பலாகிவிடும். பழைய யுவி ஃபில்டரின் ஓரங்களில் வாஸலைன் தடவுவதும் பழைய வழக்கம்தான். அதில் தடவிய திசைக்குக் குறுக்காக ஒளி இழுபடும் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தடவினால் வெளிச்சப் புள்ளிகள் இடவலமாக நீளும். லென்ஸின் மேலேயே தடவ வேண்டாம், சுத்தம் செய்து மாளாது.

இரண்டையும் ஒரு முகத்தின் முன்னால் வைத்துப் பார்க்கலாம். ஜன்னலோரம் ஒரு பெண். ஒரு பக்கம் வெளிச்சம். மூக்குத்தியில் கூர்மையான ஒரு வெளிச்சப் புள்ளி, கண்ணில் ஜன்னலின் பிரதிபலிப்பு, பின்தலையில் மல்லிகை. சாஃப்டார் 2 மாட்டி எடுத்தால் மூக்குத்தியின் வட்டம் கன்னத்தில் விழும். கண்ணில் உள்ள வெளிச்சமும் தன் அளவுக்கு ஒரு வட்டம் போடும். பின்னால் ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் மல்லிகைக்கும் அதே படர்ச்சி சேரும். அப்பர்ச்சரை எஃப் 4-இலிருந்து எஃப் 8-க்குக் குறுக்கினால் பின்னணி கொஞ்சம் தெளியும், ஆனால் மூக்குத்தியின் வட்டம் சுருங்காது. துளிகளும் சமதளமும் சேர்ந்த விகிதம் அப்பர்ச்சர் குறுகினாலும் ஏறக்குறைய அதேதான் என்பதால் இப்படி. ஸ்டூடியோவில் நூறு முகங்களை ஒரே தரத்தில் எடுக்க வேண்டியவருக்கு இது வரம். அவர் தம் வெளிச்சத்துக்கு ஏற்ற ஸ்டாப்பை வைத்துக்கொள்ளலாம். மென்மை மாறிவிடுமோ என்ற கவலை இல்லை. அப்பர்ச்சர் மிகவும் குறுகினால் மட்டும் கதை மாறும். அப்போது திறப்புக்குள் விழும் துளிகள் சிலவே என்பதால் பலன் ஒழுங்கில்லாமல் போகும். அகலக்கோண லென்ஸில் இது சீக்கிரமே வந்துவிடும். நீண்ட லென்ஸிலோ அதே ஃபில்டர் அதிக வேலை செய்யும், ஏனென்றால் ஃபிலிமில் விழும் வட்டத்தின் அளவு குவியத் தூரத்தோடு சேர்ந்து வளர்கிறது. 80 மி.மீ. லென்ஸில் அடக்கமாக இருந்த ஃபில்டர் 150-இல் ஆர்ப்பாட்டமாகத் தெரிவது இதனால்தான்.

இப்போது அதே பெண்ணை மென்லென்ஸால் எடுப்போம். இமாகனே வேண்டும் என்பதில்லை. மாமியா ஆர்பி 67 கேமராவுக்கு வந்த 150 மி.மீ. சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸும் துளை வட்டுகளோடுதான் விற்கப்பட்டது. முழுத் திறப்பில் மூக்குத்தியைச் சுற்றி ஒளி பெரிதாகப் படரும். அரை ஸ்டாப் குறுக்கிப் பாருங்கள், வட்டம் கண்ணெதிரே சுருங்கும். இதன் கணக்கு சுவையானது. கோளப் பிறழ்ச்சியால் வரும் படர்ச்சி அப்பர்ச்சர் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால், அதாவது எஃப் 4-இலிருந்து எஃப் 8-க்கு வந்தால், வட்டம் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டே ஸ்டாப்பில் கனவு கலைந்து சாதாரணப் படமாகிவிடுகிறது. எல்லா அழகும் அந்த இரண்டு ஸ்டாப்புக்குள்தான் இருக்கிறது. அதற்குள் கால் ஸ்டாப் நகர்த்துவதுகூட ஒரு முடிவு.

பின்னணியில்தான் லென்ஸ் தன் முழுத் திறத்தையும் காட்டுகிறது. கோளப் பிறழ்ச்சியைத் திருத்தாமல் விட்ட லென்ஸில், ஃபோகஸுக்குப் பின்னால் இருக்கும் பொருள்களின் மங்கலுக்கு ஓரமே இருக்காது. மல்லிகைகள் ஒவ்வொன்றும் தனித்தனி வட்டமாகாமல் ஒன்றுக்குள் ஒன்று கரையும். ஃபில்டரில் அப்படி நடக்காது. அங்கே லென்ஸ் வரைந்த மங்கல் வட்டத்தின்மேல் ஃபில்டரின் வட்டம் ஏறும், சில சமயம் துளிகளின் நிழல் அந்த வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் லென்ஸுக்கும் ஒரு கெட்ட பக்கம் உண்டு. பின்னால் நல்லது செய்கிற அதே பிறழ்ச்சி முன்னால் கெடுதல் செய்யும். ஃபோகஸுக்கு முன்னே நீட்டிய கையோ, கேமராப் பக்கம் பறக்கும் கூந்தல் இழையோ இரட்டைக் கோடாக, முரட்டு ஓரத்தோடு தெரியும். மென்லென்ஸால் எடுக்கும்போது அமர்ந்திருப்பவரின் கைகளை மடியில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இமாகனின் வட்டை முழுக்கத் திறந்து வைத்திருந்தால், பின்னணியில் பளிச்சிடும் புள்ளிகள் அந்தத் துளைகளின் உருவத்தைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். இலைகளுக்கு இடையே வானம் தெரியும் இடங்களில் இது எரிச்சலூட்டும்.

ஃபோகஸ் செய்வதில் ஃபில்டரே சுலபம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்து, பிறகு மாட்டிக்கொள்ளலாம். மென்லென்ஸில் அந்த வசதி கிடையாது. ஓரக்கதிர்களும் நடுக்கதிர்களும் வெவ்வேறு இடத்தில் குவிவதால் அப்பர்ச்சரைக் குறுக்கும்போது சிறந்த ஃபோகஸ் இடமே நகர்ந்துவிடும். முழுத் திறப்பில் கண்ணிமையில் ஃபோகஸ் வைத்து, பிறகு ஒரு ஸ்டாப் குறுக்கி எடுத்தால் கூர்மை கண்ணிமையை விட்டுக் காதுப் பக்கம் போயிருக்கும். எந்த ஸ்டாப்பில் எடுக்கப் போகிறோமோ அந்த ஸ்டாப்பிலேயே, எந்த வட்டை மாட்டப் போகிறோமோ அந்த வட்டோடேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். பிம்பம் அப்போது எங்கும் துல்லியமாகத் துள்ளி நிற்காது. முன்னும் பின்னும் நகர்த்தி, அடிப்பிம்பம் எங்கே திடப்படுகிறது என்று தேட வேண்டும். பழகும்வரை ரோல் ரோலாக வீணாகும் வேலை இது. மினோல்டா 1978-இல் வெளியிட்ட 85 மி.மீ. வாரிசாஃப்ட் இதற்கு ஓரளவு வழி சொன்னது. அதில் தனி வளையம் ஒன்று உண்டு. பூஜ்யத்தில் வைத்தால் கூர்மையான லென்ஸ், 3 வரை திருப்பினால் பிறழ்ச்சி படிப்படியாக ஏறும். கேனனும் 1987-இல் 135 மி.மீ. சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸில் இதே எண்ணத்தைத் தொடர்ந்தது.

எது மேல் என்று என்னைக் கேட்டால், தனி முகத்துக்கு லென்ஸ்தான் என்பேன். ஒருவரை நன்றாகப் பார்த்து, அவருக்கு எவ்வளவு மென்மை பொருந்தும் என்று அப்பர்ச்சரில் முடிவெடுக்கும் வேலை அது. எண்பது வயது முகத்துக்கும் எட்டு வயது முகத்துக்கும் ஒரே அளவு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டமாக நிற்பவர்கள், நடக்கிறவர்கள், விடிகாலைத் தெரு, எதிர்வெயிலில் மின்னும் தண்ணீர் என்று எடுக்கும்போது ஃபில்டரையே எடுப்பேன். அங்கே குறுகிய அப்பர்ச்சர் வேண்டும், விரைவான ஃபோகஸ் வேண்டும். இரண்டையும் மென்லென்ஸ் தராது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. இரண்டுமே வெளிச்சத்தைப் பரப்பத்தான் செய்யும், உண்டாக்காது. மேகமூட்டத்தில், நிழலே இல்லாத சீரான ஒளியில் எடுத்தால், பரப்புவதற்குப் பளிச்சென்ற புள்ளியும் இல்லை, அது வழிந்து விழ இருண்ட இடமும் இல்லை. கிடைப்பது சோர்ந்த, சாம்பல் நிறப் படம். மென்மையான படத்துக்குக் கடுமையான ஒளி வேண்டும். பின்னாலிருந்து வரும் வெயில், கறுப்புப் பின்னணி, வெள்ளை வேட்டியின் விளிம்பு என்று எதிரெதிர் நிற்பவை வேண்டும். ஹைலைட்டின் ஒளி நிழலுக்குள் இறங்குவதால் நெகட்டிவின் கான்ட்ராஸ்ட் குறையும், ஆகவே கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போடும்போது ஒரு கிரேடு கூடுதலான தாள் தேவைப்படலாம். நெகட்டிவ் ஃபிலிமில் எக்ஸ்போஷரைக் கூட்டினால் படர்ச்சியும் பெருகித் தெரியும். வட்டத்தின் வெளியோரத்தில் இருந்த மெல்லிய ஒளியும் அப்போது பதிவாகிவிடுகிறது. ஃபிலிமின் அளவும் முக்கியம். 35 மி.மீ. நெகட்டிவைப் பெரிதாக்கும்போது அடிப்பிம்பத்தின் கூர்மையும் ஃபிலிமின் பொடிமணியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பெரிய நெகட்டிவில் அந்தக் கூர்மை தப்பிப் பிழைக்கும்.

இந்த மென்மைக்கு எதிராக ஒரு காலத்தில் பெரிய கலகமே நடந்தது. கலிஃபோர்னியாவில் 1932-இல் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் எஃப் 64 என்ற குழுவாகச் சேர்ந்து, ஓரம் முதல் ஓரம்வரை கூர்மையே ஒளிப்படத்தின் இயல்பு என்றார்கள். வெஸ்டன் அதற்கு முன்பு மென்மையான படங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்தான். அவர்கள் வென்றார்கள், மென்லென்ஸ்கள் அலமாரிக்குப் போயின. நூறாண்டு நெருங்கும் இப்போது அவை திரும்பி வருகின்றன. தம்பாரையே 2017-இல் மறுபடி தயாரித்தார்கள்.

எடுத்து முடித்த பிறகு, இருட்டறையில் மென்மையைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூர்மையான நெகட்டிவை என்லார்ஜரில் வைத்து, அதன் லென்ஸுக்குக் கீழே அதே சாஃப்டாரையோ நெட் துணியையோ பிடித்தால் ஆகாதா? ஆகும், ஆனால் நேர்மாறாக ஆகும். நெகட்டிவில் முகத்தின் வெளிச்சமான பகுதிதான் அடர்ந்த கறுப்பு. கூந்தலும் நிழலும் தெளிவான கண்ணாடி. என்லார்ஜரின் ஒளி அந்தத் தெளிவான இடங்கள் வழியே அதிகமாக வருகிறது, ஃபில்டர் பரப்புவதும் அதைத்தான். ஆகவே தாளில் கூந்தலின் கறுப்பு நெற்றிக்குள் கசியும். புருவத்தின் இருள் கண்ணைச் சுற்றிப் படரும். கேமராவில் மாட்டினால் நிழலுக்குள் வெளிச்சத்தை வழியவிட்ட அதே ஃபில்டர், இங்கே வெளிச்சத்துக்குள் நிழலை வழியவிடுகிறது. இளம்பெண்ணின் முகத்தில் இது அழுக்குப் படிந்தது போல ஆகிவிடும். இலையுதிர்ந்த மரங்களுக்கும், தாடி வைத்த முதியவரின் பாதி இருளில் இருக்கும் முகத்துக்கும் இந்தக் கனம் அபாரமாகப் பொருந்தும். எக்ஸ்போஷர் முழுக்க வைக்காமல், 20 விநாடி என்றால் அதில் எட்டோ பத்தோ விநாடி மட்டும் ஃபில்டரைப் பிடித்து, மீதி நேரம் எடுத்துவிட்டால் அடியில் கூர்மை நிற்கும், இருளும் அளவோடு கசியும். ஸ்லைடிலிருந்து நேராகப் பிரிண்ட் போடும் முறையில் மட்டும் இந்தத் தலைகீழ் கிடையாது. ஸ்லைடில் வெளிச்சம் வெளிச்சமாகவே இருப்பதால் என்லார்ஜரிலும் கேமராவில் நடந்ததே நடக்கும்.

இமாகனும் தம்பாரும் விலை கூடியவை. அதனால் லென்ஸ் வழி மூடிவிடவில்லை. 1912-இல் வந்த வெஸ்ட் பாக்கெட் கோடக் என்ற சட்டைப்பைக் கேமராவில் ஒரு மலிவான எளிய லென்ஸ் இருந்தது. அதன் கோளாறு வெளியே தெரியாதபடி முன்னால் ஒரு மூடி போட்டு அப்பர்ச்சரைக் குறுக்கியிருந்தார்கள். ஜப்பானியக் கேமராக்காரர்கள் அந்த மூடியைக் கழற்றினார்கள். லென்ஸ் முழுத் திறப்பில் ஒளிர்ந்தது, அங்கே அது ஒரு தனிப் பாணியாகவே வளர்ந்தது. இன்று அதையே செய்ய ஒரு க்ளோஸ்-அப் கண்ணாடி போதும். 4 டயாப்டர் கண்ணாடி 250 மி.மீ. லென்ஸ், 10 டயாப்டர் 100 மி.மீ. லென்ஸ். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் இருக்கும் இடத்தில் பெல்லோஸைப் பொருத்தி, அதன் முனையில் 10 டயாப்டர் கண்ணாடியை மாட்டி, கறுப்பு அட்டையில் வெட்டிய வட்டத் துளைகளை அப்பர்ச்சராக வைத்துக்கொள்ளலாம். 20 மி.மீ. துளை எஃப் 5, 12.5 மி.மீ. துளை எஃப் 8. ஒற்றைக் கண்ணாடி என்பதால் நிறங்களும் ஒரே இடத்தில் குவியாது. கண் ஃபோகஸ் செய்வது மஞ்சளும் பச்சையும் சேர்ந்த ஒளியில். கறுப்பு வெள்ளை ஃபிலிமோ நீலத்தையும் வலுவாகப் பதிவு செய்யும், நீலம் லென்ஸுக்குச் சற்று அருகிலேயே குவிந்துவிடும். அந்தப் படர்ச்சி அளவு மீறுவதாகத் தோன்றினால் முன்னால் ஒரு மஞ்சள் ஃபில்டர் மாட்டி, ஒரு ஸ்டாப் கூடுதலாக எக்ஸ்போஷர் கொடுத்தால், கண் பார்த்த ஃபோகஸும் ஃபிலிமில் விழும் ஃபோகஸும் பெரும்பாலும் ஒத்துவரும்.